தலைமையாசிரியர் மேசையைத் தாண்டி: உயர்நிலைப் பள்ளிக்கு நாளிதழ் கொண்டுவருவது எப்படி?

நம் ஊர் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றுக்கு நாளிதழ் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது. காலையில் வாயிற்கதவின் கம்பி இடுக்கில் செருகியிருக்கும். அலுவலக உதவியாளர் எடுத்துப்போய்த் தலைமையாசிரியர் மேசையில் வைப்பார். பத்து மணிக்கு மேல் அது ஆசிரியர் அறைக்குப் போகும். அங்கே விளையாட்டுப் பக்கம் ஒருவர் கையிலும் நடுப்பக்கம் இன்னொருவர் கையிலுமாகப் பிரியும். மதியம் யாருடைய சாப்பாட்டுப் பாத்திரத்துக்கோ அடியில் விரிந்து கிடக்கும். சாயங்காலம் பீரோவின் மேல் ஏறிவிடும். இத்தனை இடம் சுற்றியும் ஒரு மாணவர்கூட அதைத் தொட்டிருக்க மாட்டார்.

நான் நூலகப் பொறுப்பை ஏற்ற முதல் ஆண்டில் எங்கள் பள்ளியிலும் இதுதான் நடந்தது. முன்னாள் மாணவர் ஒருவரிடம் பேசி மூன்று நாளிதழ்களுக்கு ஏற்பாடு செய்திருந்தேன். டிசம்பரில் அவர் பள்ளியைப் பார்க்க வந்தார். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம், "தினமும் பேப்பர் படிக்கிறாயா அம்மா?" என்று கேட்டார். "நம் பள்ளிக்குப் பேப்பர் வருகிறதா சார்?" என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு முதல் நான் மாற்றிக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தொடங்க நினைக்கும் ஆசிரியர், பெற்றோர், முன்னாள் மாணவர் யாருக்கும் பயன்படும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளையும் உதவி பெறும் பள்ளிகளையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கேட்பதற்கு உரிமை இருக்கிறது

தலைமையாசிரியரிடம் போகும்போது ஏதோ உபகாரம் கேட்பதுபோல் போக வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழும் இதழ்களும் எல்லாப் பாடங்களுக்குமான நூல்களும் கதைப் புத்தகங்களும் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்குமானது. நம் உயர்நிலைப் பள்ளிகள் ஆறாம் வகுப்பில் தொடங்குவதால் ஆறு, ஏழு, எட்டு மூன்றும் அதற்குள் வந்துவிடுகின்றன. வாசல் வரை வந்த பேப்பரை ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுக்க மாட்டேன் என்று எவரும் சொல்லப்போவதில்லை.

அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எழுதிவிடுங்கள். இரண்டு வரி போதும்: எத்தனை நாளிதழ், எந்த வகுப்புகளுக்கு. தலைமையாசிரியர் மாறுதலில் போனாலும் தீர்மானப் பதிவேடு பள்ளியிலேயேதான் இருக்கும்.

பணம்

பயப்படும் அளவுக்குப் பெரிய தொகை இல்லை. ஒரு பிரதி 8 ரூபாய், பள்ளி நடக்கும் நாட்கள் 210 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளிதழுக்கு ஆண்டுக்கு 1,680 ரூபாய், மூன்றுக்கு 5,040 ரூபாய் ஆகிறது. உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "பேப்பர் வாங்க உதவி செய்யுங்கள்" என்றால் யோசிப்பவர்கள், "ஓர் ஆண்டுக்கு 1,680 ரூபாய்" என்றால் சட்டைப்பையில் கை விடுகிறார்கள்.

ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் பள்ளியின் வகையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. ஆனால் அது முதன்மையாகப் புத்தகங்களுக்கானது. அந்த ஆண்டின் செலவின வழிகாட்டுதலைப் படிக்காமல் அதில் சந்தா கட்டி, பிறகு தணிக்கையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவர்களும் எளிய வழி. நாளிதழ் நிறுவனங்கள் சிலவற்றில், நன்கொடையாளர் பணம் கட்டினால் அவர் சொல்லும் பள்ளிக்குப் பிரதி அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது. ஏஜென்ட்டைக் கேட்டால் விவரம் சொல்வார்.

இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். மாணவர்களிடம் ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். நன்கொடைப் பணத்தையும் உங்கள் கையில் வாங்காதீர்கள். கொடுப்பவரே ஏஜென்ட்டிடம் கட்டி ரசீது வாங்கிப் பள்ளிக்குக் கொடுக்கட்டும். தேர்தல் நெருங்கும் ஆண்டில் உதவ முன்வருபவர் யார், எதற்காக வருகிறார் என்பதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். தன் படம் போட்ட ஸ்டாண்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கிறேன் என்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

எந்த நாளிதழ்?

ஒன்று மட்டும் வாங்குவதாக இருந்தால் பள்ளிக்கு வேண்டாம் என்பேன். அது வீட்டில் அப்பா படிக்கும் பேப்பர்போல் ஆகிவிடும். அதில் இருப்பதே உலகம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். குறைந்தது இரண்டு வேண்டும்.

தமிழில் ஒன்று எளிய நடையில் இருக்கட்டும். 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களையும் மனத்தில் வைத்து வளர்ந்த நாளிதழ். சிறு வாக்கியம், பெரிய எழுத்து, பழகிய சொல். ஒன்பதாம் வகுப்பிலும் தடுமாறிப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டால் இதன் அருமை தெரியும். இன்னொன்று தலையங்கமும் நடுப்பக்கக் கட்டுரையும் கனமாக இருப்பது: தினமணி, இந்து தமிழ் திசை போன்றவை. மூன்றாவதாக ஓர் ஆங்கில நாளிதழ்.

மாணவர்களுக்கென்றே தனிப் பதிப்புகளும் வருகின்றன. தினமலரின் பட்டம் போன்றவற்றைப் பல பள்ளிகள் வாங்குகின்றன. அவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றை மட்டும் வாங்கி நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவற்றில் எல்லாமே மாணவருக்காகப் பொறுக்கி வைக்கப்பட்டது. எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது என்று தாமே முடிவெடுக்கப் பழக, பெரியவர்கள் படிக்கும் முழுப் பேப்பர்தான் வேண்டும். கட்சி நாளிதழ்களைப் பள்ளி ஸ்டாண்டில் வைக்க வேண்டாம். வேண்டிய ஆசிரியர் வீட்டில் படித்துக்கொள்ளலாம்.

ஒரு பிரதி கூடுதலாக வாங்கி அதை ஆசிரியர் அறைக்கென்றே ஒதுக்குங்கள். இதை வீண் செலவு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அந்தப் பிரதி இல்லாவிட்டால் மாணவர் பிரதிதான் அங்கே போகும். போனது திரும்பாது.

ஏஜென்ட், கதவு, மழை

பேப்பர் ஏஜென்ட்டை நேரில் போய்ப் பாருங்கள், போனில் முடிக்காதீர்கள். கட்டு வந்து இறங்கும் விடியற்காலையில் போனால் அவருக்குப் பேச நேரம் இருக்காது; பத்து மணிக்கு மேல் போங்கள். சனி, ஞாயிறு வேண்டுமா, காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் நிறுத்த வேண்டுமா, மாதம் எந்தத் தேதியில் பில் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பள்ளிப் பணம் தாமதமாகத்தான் வரும். மூன்று மாதப் பாக்கி நின்றால் ஏஜென்ட் பேப்பரை நிறுத்துவார். அவரைக் குறை சொல்ல முடியாது. முடிந்தால் ஆண்டுச் சந்தாவாகவே கட்டிவிடுங்கள்.

பேப்பர் ஆறு மணிக்கு வரும், பள்ளி ஒன்பதுக்குத்தான் திறக்கும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் மழை பெய்யும். கதவுக்கு மேலாக எறியப்படும் பேப்பர் மண்ணில் விழும், நாயும் இழுக்கும். பள்ளிக்கு எதிரே டீக்கடையோ மளிகைக் கடையோ இருந்தால் அங்கே போடச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு முறை புரட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும், வாடகை கேட்கவில்லையே. முதல் பஸ்ஸில் கட்டு வரும் சிற்றூராக இருந்தால், அதே பஸ்ஸில் வரும் மாணவரிடம் நிறுத்தத்திலேயே கொடுக்கச் சொல்லலாம்.

கையில் சேர்ப்பது

இந்தப் பகுதியைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் தானாக ஓடும். பேப்பரைக் கடையிலிருந்து எடுத்து வருவது மாணவர் வேலை. தலைமையாசிரியர் மேசைக்கு அது போகவே கூடாது. வாரத்துக்கு இரண்டு பேர், ஒரு மாணவர், ஒரு மாணவி. ஒரு நோட்டில் தேதி, நாளிதழ் பெயர், பக்க எண்ணிக்கை மூன்றையும் எழுத வேண்டும். பக்க எண்ணிக்கை எதற்கு என்றால், சாயங்காலம் எண்ணிப் பார்த்துத் திரும்ப வைப்பதற்கு. முதலில் காணாமல் போவது விளையாட்டுப் பக்கமும் இணைப்பிதழும்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பேப்பரைப் பிரியுங்கள். 16 பக்க நாளிதழ் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த நான்கு பெரிய தாள்கள்தான். மூன்று நாளிதழுக்குப் பன்னிரண்டு தாள்கள். தாளுக்கு மூன்று பேர் உட்கார்ந்தால் 36 பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம். மிச்சமுள்ளவர்கள் முதல் நாள் பேப்பரை எடுத்துக்கொள்ளட்டும். தாளின் ஓரங்கள் மூன்று பேர் மடியிலும் கிடக்க, தலைகள் முட்டிக்கொள்ள, ஒருவர் திருப்ப நினைக்கும்போது இன்னொருவர் "இரு, இன்னும் முடிக்கவில்லை" என்பார். அந்தச் சின்னச் சண்டையைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

பிரித்ததைத் திரும்ப அடுக்குவதற்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுங்கள். 16 பக்கப் பேப்பரில் ஒரு தாளின் ஒரு புறம் 1ஆம் பக்கமும் 16ஆம் பக்கமும் இருக்கும். திருப்பினால் 2, 15. அடுத்த தாளில் 3, 14. மறுபுறம் 4, 13. எந்தப் புறத்தைக் கூட்டினாலும் 17. பன்னிரண்டு பக்கப் பேப்பர் என்றால் 13. இதைத் தாமே கண்டுபிடிக்க விட்டால் ஆறாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை இனிமையாகப் போகும். அதற்குப் பிறகு பேப்பர் கலைந்து கிடந்ததே இல்லை.

ஸ்டாண்டு வாங்கும் அவசரம் வேண்டாம். கிளை நூலகங்களில் இருப்பதுபோன்ற சாய்வு மேசை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஜன்னலோரம் ஒரு பெஞ்சு போதும், வெளிச்சம் இருந்தால் சரி. மதிய இடைவேளைக்கு ஸ்டேப்ளரால் மடிப்பில் இரண்டு பின் குத்தி வையுங்கள். பேப்பரின் மேல் சாப்பாட்டை வைக்கக் கூடாது என்பதை ஆசிரியர் அறைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் பேச்சு எடுபடாவிட்டால், அச்சு மை சேரும் என்பதால் நாளிதழில் உணவுப் பொட்டலம் கட்டுவதையே உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது என்று நினைவூட்டலாம்.

முதல் மாதம்

பள்ளி முழுவதையும் ஒரே நாளில் பிடிக்காதீர்கள். ஒரு வகுப்பில் தொடங்குங்கள். என் கணக்கில் அது ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்பைச் சிறப்பு வகுப்புகள் விழுங்கிவிடும். வாரத்தில் நூலகப் பாடவேளை ஒன்று இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது நம் பள்ளிகளில் வழக்கம். திருக்குறள், பொன்மொழி, அதற்குப் பிறகு ஐந்து தலைப்புச் செய்திகள். ஒரே மூச்சில், ஒரே தொனியில், வெயிலில். கேட்பவர்களுக்கும் புரியாது, பல நேரம் வாசிப்பவருக்கும் புரியாது. ஐந்துக்குப் பதிலாக ஒன்றைச் சொல்லட்டும். படித்து ஒப்பிக்காமல், என்ன நடந்தது, எங்கே, ஏன் என்று தன் வார்த்தையில் ஒரு நிமிடம் பேசினால் போதும்.

முதல் இரண்டு வாரங்கள் தலையங்கம் பக்கமே போகாதீர்கள். படங்களுக்குக் கீழே உள்ள வரி, வானிலைப் பெட்டி, விளம்பரம், விளையாட்டு. என் வகுப்பில் ஒரு பையன் சினிமா விளம்பரம் தவிர எதையும் படிக்க மாட்டான். நான் தடுக்கவில்லை. எந்த ஊரில் எத்தனை காட்சி என்று எண்ணச் சொன்னேன். மூன்றாவது வாரம் அவனே, "ஏன் சார் நம் ஊர்ப் பெயர் இதில் வருவதே இல்லை?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவன் தேடிய இடம் மாவட்டச் செய்திப் பக்கம்.

மூன்றாம் வாரத்தில் கடைசிப் பக்கத்தின் அடிப்பகுதியைக் காட்டுங்கள். பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள், அச்சான இடம் எல்லாம் இருக்கும். சட்டப்படி அச்சிட்டே ஆக வேண்டிய விவரங்கள் அவை. "தவறு என்றால் யாரைப் போய்க் கேட்பது?" என்று கேளுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு செய்தியைக் காட்டி அதே கேள்வியைக் கேளுங்கள். போலிச் செய்தி பற்றித் தனியாக ஒரு உரை நிகழ்த்த வேண்டியிருக்காது.

நான்காம் வாரம் ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களில் தேடச் சொல்லுங்கள். டெல்டாவில் மழை பெய்து பயிர் மூழ்கியது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று "கனமழையால் நெற்பயிர் மூழ்கியது" என்று போடும். இன்னொன்று "வாய்க்கால் தூர்வாராததால் நெற்பயிர் மூழ்கியது" என்று போடும். மழைமேல் பழியா, ஆள்மேல் பழியா? இரண்டில் எது பொய் என்று கேட்காதீர்கள், எது எதை விட்டுவிட்டது என்று கேளுங்கள்.

மேட்டூர் அணையும் கணக்கு வகுப்பும்

மற்ற ஆசிரியர்களை இழுப்பதுதான் கடினம். "எனக்குப் பாடம் முடிக்கவே நேரமில்லை" என்பார்கள், அது உண்மையும்கூட. அவர்களிடம் கொள்கை பேசாமல், பாடத்துக்கு உதவும் ஒரே ஒரு துணுக்கைக் கத்தரிக்காமல் கையில் கொடுங்கள்.

எங்கள் கணக்கு ஆசிரியரை விழ வைத்தது மேட்டூர் அணை நிலவரம். நாளிதழில் ஒரு மூலையில் நான்கு எண்கள் வரும்: நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு 12,000 கன அடி வருகிறது, 1,000 கன அடி வெளியேறுகிறது என்றால் மிச்சம் 11,000. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 95 கோடியே 4 லட்சம் கன அடி, ஏறத்தாழ 0.95 டி.எம்.சி. அப்படியானால் நாளைக்கு இருப்பு எவ்வளவு என்று பேப்பரில் வர வேண்டும்?

வகுப்பு முழுவதும் கணக்குப் போட்டு, கரும்பலகையின் ஓரத்தில் விடையை எழுதி வைத்தது. மறுநாள் பேப்பர் எடுக்கும் பொறுப்பில்லாத பிள்ளைகளும் டீக்கடையில் நின்றார்கள். அன்று விடை கொஞ்சம் தள்ளியிருந்தது. ஏன்? நீர்வரத்து நாள் முழுவதும் ஒரே அளவில் இருக்காது, வெயிலில் ஆவியாகும், நாளிதழ் எடுத்தது எந்த நேரத்து நிலவரம் என்பதும் இருக்கிறது. அந்த வாரம் கணக்கு, அறிவியல், புவியியல் மூன்றுக்கும் தீனி கிடைத்தது.

தங்கம் விலையில் கிராமையும் பவுனையும் வைத்து விகிதம் போடலாம்; ஒரு பவுன் எட்டு கிராம். வண்ணப் பக்கத்தின் ஓரத்தில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று பொட்டுப் பொட்டாக இருப்பதைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். அந்த நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் நகர்ந்துபோன அன்றுதான் படத்தில் தலைவர்களுக்கு இரண்டு உதடு வரும். தமிழாசிரியருக்கு ஒற்றுப் பிழை ஒன்றே போதும், ஆண்டு முழுக்கப் பஞ்சமிருக்காது. சமூக அறிவியல் ஆசிரியருக்கு ஒரு கதை: 1878இல் சென்னையில் தி இந்துவைத் தொடங்கிய ஆறு இளைஞர்களில் இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அந்த இருவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் 1882இல் சுதேசமித்திரனையும் தொடங்கினார்.

சங்கடமான செய்திகள்

கொலை, தற்கொலை, பாலியல் குற்றம், சாதி மோதல் எல்லாம் பேப்பரில் வரும். அதனால் பள்ளிக்கு வேண்டாம் என்பவர்கள் உண்டு. பிள்ளைகளின் வீட்டு டி.வி.யில் வராதது எதுவும் பேப்பரில் வருவதில்லை என்பது என் பதில். ஆனாலும் காலையில் ஐந்து நிமிடம் ஓர் ஆசிரியர் புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கத்தரிக்கோல் எடுக்காதீர்கள். ஒரு முறை நான் ஒரு செய்தியை வெட்டி எடுத்துவிட்டு வைத்தேன். மதிய இடைவேளையில் பாதி வகுப்பு அந்த ஓட்டையில் என்ன இருந்தது என்று டீக்கடைப் பேப்பரில் படித்துவிட்டு வந்தது. மோசமான நாளில் அந்தத் தாளை மட்டும் பிரித்து எடுத்து வைத்துவிடுங்கள். யாராவது கேட்டால் மறைக்காமல் காரணத்தைச் சொல்லுங்கள். மாணவர் தற்கொலைச் செய்தி வந்த நாளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதை வாசிப்புக்கோ விவாதத்துக்கோ எடுக்காதீர்கள். யாராவது முகம் வாடியிருந்தால் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவி எண் 14416 இரண்டையும் பேப்பர் ஸ்டாண்டின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

பழைய பேப்பரும் ஏப்ரல் வேலையும்

மூன்று நாள் ஆகாத பேப்பரை யாரும் வெட்டக் கூடாது. வெட்டும் முன் நாளிதழ் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் துணுக்கின் ஓரத்தில் எழுத வேண்டும். இதை மறந்த ஆண்டின் கோப்பு என்னிடம் இன்னும் இருக்கிறது. அருமையான துணுக்குகள்தான், ஆனால் எது எந்த ஆண்டு என்று யாருக்கும் தெரியாது. மைதாப் பசையில் ஒட்டினால் பூச்சி அரிக்கும்.

இ-பேப்பர் கணினி அறையில் துணையாக இருக்கலாம். ஆனால் ஒருவர் சந்தா கட்டிய இ-பேப்பரின் பி.டி.எஃப். கோப்பை வாட்ஸ்அப் குழுவில் சுற்றுக்கு விடுவது பதிப்புரிமையை மீறுவது. பள்ளியே அதைச் செய்யக் கூடாது.

16 பக்க நாளிதழ் ஏறத்தாழ 65 கிராம் இருக்கும்; ஆய்வகத் தராசில் பிள்ளைகளே நிறுத்துப் பார்க்கட்டும். 210 நாளுக்கு ஒரு நாளிதழில் 13 கிலோ அளவுக்குச் சேரும். மூன்றுக்கும் சேர்த்தால் 40 கிலோ. பழைய பேப்பர் கடையில் போட்டு வரும் பணத்தைப் பதிவேட்டில் எழுதி, ஸ்டேப்ளர் பின், கோப்பு, பசை வாங்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஏஜென்ட்டைப் போய்ப் பாருங்கள். பாக்கியைத் தீர்த்துவிட்டு, மே மாதம் நிறுத்தி, ஜூனில் பள்ளி திறக்கும் நாளன்று மறுபடி போடும்படி எழுதிக் கொடுங்கள். திறக்கும் தேதி வெயிலைப் பார்த்துத் தள்ளிப்போகும் ஆண்டுகள் உண்டு. அதனால் அவருடைய போன் நம்பரையும் கடைக்காரருடைய நம்பரையும் மாணவர்கள் பேப்பர் கணக்கு எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு விடுமுறைக்குப் போங்கள்.